விரல் நுனியில் ஒரு பிழைப்பு

பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போவது என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, மெழுகுவத்தி வார்ப்பது, சாக்பீஸ் செய்வது என்று பழைய பதில்களையே சொல்லிவந்தோம். ஜப்பானில் 'அன்மா' எனப்படும் உடம்பு பிடித்துவிடும் தொழிலின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

அன்மாவுக்கு எண்ணெய் வேண்டாம். உடுத்திய துணியின் மேலேயே, உடம்பின் நடுவிலிருந்து கைகால் நுனி நோக்கி அழுத்தி, பிசைந்து, தட்டிக்கொண்டே போவார்கள். சீனத்திலிருந்து வந்த கலை இது. 701-ஆம் ஆண்டின் அரசச் சட்டத்திலேயே இதற்கென ஆசான்கள் இருந்தார்கள். ஆனால் இது பார்வையற்றோரின் தொழிலாக வேரூன்றியது ஷோகன் எனப்படும் படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில். இரவுத் தெருவில் சின்னஞ்சிறு குழலை ஊதிக்கொண்டு, கைத்தடியோடு ஒருவர் நடந்து வருவார். தோள்வலி, இடுப்புவலிக்காரர்கள் குழலோசை கேட்டு அவரை வீட்டுக்குள் அழைப்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் சுகியாமா வாயிச்சி. 1610-இல் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். அக்குபங்சர் எனப்படும் ஊசி மருத்துவம் கற்கப் போன இடத்தில், கை பழகவில்லை என்று குரு அவரை அனுப்பிவிட்டாராம். மெல்லிய ஊசியை ஒரு சிறு குழாய்க்குள் வைத்து, மேல் நுனியைத் தட்டி உள்ளே செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தவர் அவரே. கண்ணின் துணையில்லாமல் விரலே இடம் கண்டுகொள்ள வழி செய்த கருவி அது. இன்று பார்வையுள்ள மருத்துவர்களும் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். ஷோகன் ட்சுனயோஷிக்கு வைத்தியம் பார்த்த சுகியாமா, அந்த ஆதரவில் பார்வையற்றோருக்கு ஊசி மருத்துவமும் அன்மாவும் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். நான் வியப்பது இதைத்தான்: இரக்கப்பட்டு வேலை கொடுக்கவில்லை, முறையாகப் படிக்கவைத்தார்கள்.

எடோ காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். 'தோதோசா' என்ற பார்வையற்ற ஆண்களின் சங்கத்தில் பட்டங்கள் பணத்துக்குக் கிடைத்தன. மேல்பட்டக்காரர்களில் சிலர் கொடுவட்டிக்குப் பணம் விட்டுச் செல்வம் சேர்த்தார்கள். ஏழை அன்மாக்காரர் தெருவில் அலைந்தார். ஆனாலும் அது அவர்களுக்கென்று இருந்த சங்கம். ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871-இல் அதைக் கலைத்தபோது அவர்களுக்கிருந்த பாதுகாப்பு ஒரே உத்தரவில் போனது. 1911-இல் அன்மாவுக்கு உரிமமும் தேர்வும் வந்தன.

பெரிய ஆபத்து 1947-இல் வந்தது. போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட நேசநாட்டுத் தலைமையகம், ஊசி மருத்துவமும் அன்மாவும் அறிவியலுக்கு ஒவ்வாதவை, சுகாதாரக் குறைவானவை என்று தடை செய்யச் சொன்னது. பார்வையற்றவர்கள் கூடிப் போராடினார்கள். அது அவர்களுடைய சோற்றுப் பிரச்சினை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தொழிலை அங்கீகரிக்கும் சட்டம் நிறைவேறியது.

1964-இல் அந்தச் சட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். பார்வையற்றோரின் பிழைப்பு பாதிக்கப்படுமானால், பார்வையுள்ளவர்களுக்கான புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு அரசு அனுமதி மறுக்கலாம். தொழில் செய்யும் சுதந்திரத்தை இது பறிக்கிறது என்று ஒரு கல்வி நிறுவனம் வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனக்கு அது நியாயமான தீர்ப்பு. பல வாசல்கள் திறந்திருப்பவர்கள், ஒரே வாசல் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வழிவிடுவதில் அநீதி இல்லை.

இன்றும் அங்கே பார்வையற்றோர் பள்ளிகளில் இது மூன்றாண்டுப் படிப்பு, முடிவில் தேசியத் தேர்வு. நம் கல்வித் துறையினரிடம் நான் கேட்பதும் அதுதான். நம் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பை வையுங்கள். படிப்போடு உரிமத்தையும், உரிமத்தோடு அரசு மருத்துவமனையில் ஒரு பணியிடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.