முள்ளைத் தின்ற மாடுகள்

வரலாற்று வகுப்புகளில் பஞ்சத்தைப் பற்றி நாங்கள் படிக்கிறபோது மழை வரும், வரி வரும், போர் வரும். மாட்டுத் தீவனம் வாறது குறைவு. ஆனால் மடகஸ்காரின் தெற்கில் 1930-31 இல் வந்த பஞ்சத்தை விளங்கிக்கொள்ள வேணுமெண்டால், ஒரு மாடு கள்ளியை எப்படித் தின்னுது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கு.

அந்தப் பகுதிக்கு அண்ட்ரோய் என்று பெயர். மழை குறைந்த, ஆறுகள் வற்றிப்போகிற நிலம். அங்கே வாழ்கிற தண்ட்ரோய் மக்களின் பெயருக்கே முட்காட்டு மக்கள் என்றுதான் பொருள். சப்பாத்திக்கள்ளி அந்த மண்ணில் பிறந்ததல்ல, அமெரிக்கக் கண்டத்துச் செடி. மன்னார்ப் பக்கம் நாங்கள் நாகதாளி என்று சொல்கிறோமே, அதற்குச் சொந்தம். 1769 அளவில் மொடாவ் என்ற பிரெஞ்சுக்காரர், டோஃபீன் கோட்டைக்கு அரணாக அதைக் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கோட்டைக்கு வந்த செடி ஊருக்குள் போனது. தண்ட்ரோய் மக்கள் அதையே தங்கள் கிராமங்களுக்கு அரணாக்கினார்கள். பழத்தைத் தாங்கள் சாப்பிட்டார்கள். மடலைத் திமில் மாடுகளுக்குக் கொடுத்தார்கள்.

முள்ளோட எப்படிக் கொடுக்கிறது? மடலை நெருப்பில வாட்டுவார்கள். முள் கருகிப்போகும், மடல் உள்ளே பச்சையாகவே இருக்கும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை தண்ணீர்தான். ஆகவே கோடையில் மாட்டுக்கு அது தீனி மட்டுமல்ல, குடிநீரும்கூட. புரதம் குறைவு, தனியே அதை மட்டும் தின்றால் கழிச்சல் வரும். காய்ந்த புல்லோ வைக்கோலோ சேர வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸிலும் இதே வேலைதான். அங்கே முதலில் சுள்ளி நெருப்பில் வாட்டினார்கள், 20ஆம் நூற்றாண்டில் எண்ணெயில் எரிகிற கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கள்ளிக்காட்டுக்குள் போனார்கள்.

முள் ஒரு தொல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலிபோர்னியாவில் லூதர் பேர்பாங்க் என்ற செடிவளர்ப்பாளரும் அப்படித்தான் நினைத்தார். 1907 இல் முள்ளில்லாத கள்ளி வகைகளைப் பெரிய விளம்பரத்தோடு விற்பனைக்கு விட்டார். வாங்கினவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது, அதற்கு வேலி போட வேணும். இல்லாட்டி முயலும் மாடும் கோடை வரமுதலே தின்று முடித்துவிடும். முள்தான் தீவனத்தைப் பூட்டி வைத்திருந்தது. திறப்பு நெருப்பு வைத்திருந்தவரின் கையில் இருந்தது. தண்ட்ரோய் மக்களுக்கு இதை ஆரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை.

1896 இல் பிரான்ஸ் மடகஸ்காரைத் தன் குடியேற்றநாடாக்கியது. தெற்கே போன படைகளுக்குக் கள்ளி வேலிகள் பெரிய தலையிடி. அதிகாரிகளுக்கிடையிலேயே சண்டை வந்தது. தாவரவியலாளர் பெரியே த லா பாத்தி அதை ஒழிக்க வேண்டிய களை என்றார். அண்ட்ரோயில் நிர்வாகியாக இருந்த ரேமோன் டெக்காரி, அது இல்லாமல் அங்கே மனிதரும் மாடும் வாழ ஏலாது என்று வாதாடினார். 1924 இல் கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினியல் பூச்சி தெற்கில் விடப்பட்டது. ஐந்தாறு வருடத்தில் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. பின்னாலேயே வரட்சி வந்தது. மாடுகள் செத்தன, சனம் செத்தது, மிஞ்சியவர்களில் கனபேர் கூலி வேலை தேடி வடக்கே போனார்கள். தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. காரென் மிடில்டன் என்ற ஆய்வாளர் 1999 இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே மலகாசிக் கள்ளியைக் கொன்றது யார் என்ற கேள்விதான். திட்டமிட்ட சதியா, அலட்சியமா என்பது இன்னும் விவாதம். எங்களுக்கு அலட்சியம் என்ற சொல்லே போதுமான குற்றச்சாட்டாகத்தான் படுகிறது. டெக்காரி போன்றவர்கள் முன்னமே சொல்லியிருந்தார்களே.

இதே பூச்சிக் குடும்பத்தின் கதை எங்கட பக்கத்திலும் உண்டு. 1926 இல் கோச்சினியலில் ஒரு வகை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. சில வருடங்களில் பெரும் பரப்பில் கள்ளி அழிந்தது. களைக்கட்டுப்பாட்டு நூல்களில் அது வெற்றிக்கதை. இரண்டு இடத்திலும் கள்ளி அழிந்த விதம் ஒன்றுதான். மாடு எதை நம்பியிருந்தது என்பதுதான் வேறு.

பஞ்சத்துக்குப் பிறகு பூச்சியைத் தாங்கக்கூடிய வேறு கள்ளி வகைகள் தெற்கு மடகஸ்காருக்கு வந்தன, முள்ளில்லாததும் முள்ளுள்ளதும். இன்றும் வரட்சி நாட்களில் மாட்டுக்காரர் முள்ளுக்கள்ளியை வெட்டி, குவித்து, நெருப்பு மூட்டுகிறார்கள்.