கோவில்பட்டி நாட்காட்டி ஓவியம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியிலுள்ள கோவில்பட்டியில் 1940களில் உருவான தெய்வப்பட மரபு. ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் வெளியிட்ட வண்ணப்படங்களை இது குறிக்கும். ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் இதற்கு முன்னோடி.

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு சிலகாலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். பின்னர் நாடகக் குழுவொன்றில் படுதா எழுதும் ஓவியரானார். 1942 வாக்கில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்துவிடவே அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். இராமலிங்கம் முதலியோர் அவரிடம் தொழில் கற்றனர். அருகிலிருந்த சிவகாசியில் அச்சுத்தொழில் வளர, கடைக்காரர்கள் தம் பெயர் பொறித்து வாடிக்கையாளருக்கு வழங்கும் நாட்காட்டிகளுக்கு ஓவியங்கள் தேவைப்பட்டன. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் போய்விடும். லட்சுமியோ முருகனோ கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிப் பூசையறையில் நிலைத்துவிடுவர்.

இப்படங்களின் தூண் மண்டபங்களிலும் தொலைவில் தேய்ந்து மறையும் சோலைகளிலும் நாடகப் படுதாவின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. பட்டுச்சேலையின் மடிப்பும் மூக்குத்தியின் ஒளியும் மிகுந்த பொறுமையோடு தீட்டப்பட்டவை. தெய்வம் வணங்குபவரை நேர்கொண்டு நோக்கும். தஞ்சாவூர் ஓவியத்தின் பங்கு எவ்வளவு, இரவிவர்மாவின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குருவும் மாணவரும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்கள் பல இருப்பதால், எது எவர் கை என்று அறுதியிடுவதும் எளிதன்று.

மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் இந்தியக் கலை என்று நெடுங்காலம் முதன்மைப்படுத்தியவை கோயிற் சிற்பங்களும் சோழர் செப்புத்திருமேனிகளும் சிற்றோவியங்களுமே; இத்தகைய அச்சுப்படங்கள் அல்ல. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் 1995இல் வெளியிட்ட கட்டுரை, கொண்டையராஜுவைத் தனித்துவமுள்ள நவீன ஓவியராக ஆங்கில வாசகர்முன் நிறுத்தியது. இந்திய அச்சுப்படங்கள் குறித்து கிறிஸ்டோபர் பின்னி எழுதிய நூல் 2004இல் வந்தது. இத்தகைய படங்களைத் தொகுக்கும் இணைய ஆவணகமான தஸ்வீர் கர் 2006இல் தொடங்கியது.

இன்று நாட்காட்டிப் படங்கள் பெரும்பாலும் கணினியில் உருவாகின்றன. ஓவியரின் பெயரைப் படிக்காமலே பல இலட்சம் வீடுகள் கும்பிட்ட இப்படங்களின் மூலங்களைத் தமிழ்நாட்டிலேயே தொகுத்துக் காப்பது காலந்தாழ்த்தக்கூடாத பணி.