கம்பவுண்டரிலிருந்து ஃபார்மசிஸ்ட் வரை: ஒரு தொழிலின் வரலாறு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சில் ஃபார்மசி என்ற படிப்பு மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். மெடிக்கல் கிடைக்கவில்லையா, பல் மருத்துவம். அதுவும் இல்லையா, சரி, ஃபார்மசி. "நாலு வருஷம் படிச்சிட்டு மெடிக்கல் ஷாப்பிலயா நிக்கப் போற?" என்று கேட்கும் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு பட்டம் எதற்கு என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது. மருந்தைக் கையில் எடுத்துக் கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று உலகம் சும்மா முடிவு செய்யவில்லை. பல பேர் செத்த பிறகுதான் முடிவு செய்தது.

எழுதுபவர் வேறு, கொடுப்பவர் வேறு

பழைய காலத்தில் எல்லா ஊரிலும் வைத்தியரே மருந்தையும் செய்தார். நோயைப் பார்ப்பவரும் அவரே, சூரணம் இடிப்பவரும் அவரே. இந்த இரண்டு வேலைகளும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கிய முக்கியமான இடங்களில் ஒன்று பாக்தாத். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீஃபாக்களின் காலத்தில் அங்கே மருந்துக்கென்றே தனிக் கடைகள் இருந்தன.

ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே போட்டவர் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக். 1240ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த விதிகள் இன்று படித்தாலும் ஆச்சரியமாக இருக்கும். மருத்துவர் மருந்துக் கடை வைத்திருக்கக் கூடாது. மருந்துக் கடைக்காரருடன் கூட்டும் சேரக் கூடாது. மருந்து செய்பவர் முறைப்படிதான் செய்வேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். விலைக்கும் வரம்பு உண்டு. காரணம் எளிமையானது. மருந்தை எழுதுபவருக்கே விற்பனை லாபமும் போனால், தேவைக்கு எழுதுகிறாரா லாபத்துக்கு எழுதுகிறாரா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? இன்றும் பேசப்படும் பிரச்சினைதான் இது!

மளிகைக் கடையிலிருந்து பிறந்த தொழில்

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. லண்டனில் மருந்து விற்பவர்கள் நெடுங்காலம் மளிகை வணிகர் சங்கத்தில்தான் இருந்தார்கள். மிளகும் மருந்தும் ஒரே கூரையின் கீழ். 1617ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவர்களுக்குத் தனிச் சங்கம் அமைக்க அனுமதி கொடுத்தார்.

ஆனால் அவர்கள் மருந்து விற்பதோடு நிற்கவில்லை. மருத்துவரிடம் போகக் காசில்லாத ஏழைகள் இவர்களிடம்தான் வந்தார்கள். 1665ல் லண்டனைப் பிளேக் தாக்கியபோது மருத்துவர்கள் பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். மருந்து விற்பவர்கள் பலர் அங்கேயே இருந்தார்கள். 1704ல் ரோஸ் என்பவரின் வழக்கில், இவர்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லி மருந்து கொடுக்கலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் பிறகு அவர்கள் மெல்ல மெல்ல மருத்துவர்களாகவே மாறிவிட்டார்கள்.

அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு 'கெமிஸ்ட் அண்ட் டிரக்கிஸ்ட்' என்ற புதிய கடைக்காரர்கள் வந்தார்கள். இந்தக் கடை வைக்க எந்தத் தேர்வும் கிடையாது. பெயர்ப் பலகை மாட்டினால் போதும். இது சரியில்லை என்று ஜேக்கப் பெல் போன்றவர்கள் 1841ல் ஃபார்மசூட்டிகல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1852ல் ஒரு சட்டமும் வந்தது. பதிவேடு இருந்தது, ஆனால் பதிவேட்டில் இல்லாதவர் விற்கக் கூடாது என்ற தடை அதில் இல்லை. அந்த ஓட்டையின் விலை 1858ல் தெரிந்தது.

பிராட்ஃபோர்ட் மிட்டாய்

பிராட்ஃபோர்ட் வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே ஜோசப் நீல் என்பவர் பெப்பர்மின்ட் மிட்டாய் செய்து வந்தார். அந்தக் காலத்தில் சர்க்கரை விலை அதிகம். அதனால் மிட்டாய் செய்பவர்கள் ஜிப்சம் போன்ற வெள்ளைத் தூளைக் கலப்பது வழக்கம். அந்தத் தூளுக்கு அந்த ஊரில் 'டாஃப்' என்று பெயர்.

1858 அக்டோபரில் நீல் தன் வீட்டில் தங்கியிருந்த ஒருவரை அந்தத் தூள் வாங்க ஷிப்லி என்ற பக்கத்து ஊருக்கு அனுப்பினார். அங்கே மருந்துக் கடை வைத்திருந்த சார்லஸ் ஹாட்ஜ்சன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். கடையில் நின்றது வில்லியம் காடர்ட் என்ற உதவியாளர். தூள் எங்கே இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டார். மேல் அறையின் மூலையில் ஒரு பீப்பாயில் இருக்கிறது என்று பதில் வந்தது. உதவியாளர் போய் 12 பவுண்டு வெள்ளைத் தூளை அள்ளிக் கொடுத்தார். ஆனால் அவர் திறந்த பீப்பாயில் இருந்தது ஆர்சனிக். வெள்ளைப் பாஷாணம்!

அதைச் சேர்த்து மிட்டாய் செய்தார்கள். செய்தவருக்கே வேலை செய்யும்போது உடம்புக்கு முடியாமல் போனது. அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மிட்டாயின் தோற்றம் வழக்கம்போல் இல்லை என்று சந்தையில் கடை போட்டிருந்த வியாபாரி விலையைக் குறைத்து வாங்கினார், அவ்வளவுதான். அக்டோபர் 30, சனிக்கிழமை, சந்தையில் விற்பனை நடந்தது. மறுநாள் காலையில் குழந்தைகள் இறந்தார்கள். முதலில் காலரா என்றே நினைத்தார்கள். சாவுகள் வரிசையாக வந்த பிறகுதான் மிட்டாய்க்குப் போனது விசாரணை. மொத்தம் சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

மிட்டாய் செய்தவர், கடைக்காரர், உதவியாளர் மூவர் மீதும் வழக்கு வந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. எந்தச் சட்டத்தை மீறினார்கள் என்று காட்ட முடியவில்லை! 1851லேயே ஆர்சனிக் விற்பனைக்கு ஒரு சட்டம் இருந்தது. வாங்குபவரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று அது சொன்னது. விற்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

1868ல் வந்த ஃபார்மசி சட்டம் அதைச் சொன்னது. பட்டியலில் உள்ள விஷப் பொருள்களைத் தேர்வெழுதிப் பதிவு செய்தவர் மட்டுமே விற்கலாம். பொட்டலத்தின் மேல் பொருளின் பெயரும், விஷம் என்ற சொல்லும், விற்பவரின் பெயரும் இருக்க வேண்டும். இன்று மருந்து அட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வரியும் இந்த எண்ணத்தின் வாரிசுகள்.

இந்தியாவில் கம்பவுண்டர் காலம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் டாக்டரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கும். அங்கே கம்பவுண்டர் இருப்பார். மிக்சரைக் கலந்து பாட்டிலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதத் துண்டைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். தாத்தா பாட்டி காலத்து ஆட்களைக் கேட்டால் அந்த நிறம் நிறமான மிக்சர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கம்பவுண்டர்களில் பலர் அனுபவத்தில் தேர்ந்தவர்கள். ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான படிப்போ சட்டமோ அவர்களுக்கு இல்லை.

மருந்தின் நிலைமையும் மோசம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி. தரத்தைச் சோதிக்க ஏற்பாடு இல்லாததால் போலியும் கலப்படமும் தாராளமாக நுழைந்தன. மலேரியாவுக்குக் கொடுக்கும் குவினைனே சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. மலேரியா லட்சக்கணக்கில் ஆட்களைக் கொன்ற நாட்டில் குவினைன் போலியாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

1930ல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் கர்னல் ஆர்.என். சோப்ரா. 1931ல் வந்த அறிக்கை இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்டது. ஒன்று, மருந்துக்குச் சட்டமும் சோதனைக் கூடங்களும். இரண்டு, மருந்தைக் கையாள்பவர்களுக்குப் படிப்பும் பதிவும். முதலாவது 1940ல் மருந்துச் சட்டமாக வந்தது. இரண்டாவதற்கு இன்னும் சில வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் காசியில் ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார். மகாதேவ லால் ஷ்ராஃப். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியவர். மதன் மோகன் மாளவியா நிறுவிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932ல் மருந்து வேதியியல் பாடத்தைத் தொடங்கினார். 1937ல் அது பி.ஃபார்ம் பட்டப்படிப்பாக வளர்ந்தது. 1939ல் இந்தத் துறைக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். இந்திய ஃபார்மசி கல்வியின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே, 1948ல், ஃபார்மசி சட்டம் வந்தது. அதன் 42ஆவது பிரிவின் சாரம் இதுதான்: டாக்டரின் சீட்டுக்கு மருந்து கலப்பதும் கொடுப்பதும் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்டின் வேலை, மற்றவர் செய்யக் கூடாது. பிராட்ஃபோர்டில் இல்லாமல் போன விதி இங்கே எழுத்தில் ஏறியது.

ஒரே விஷம், மறுபடி மறுபடி

1937ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபானிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகளும் குடிக்க வசதியாகத் திரவமாக்கியது. கரைக்கப் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் விஷம். சுவை, மணம், நிறம் எல்லாம் பார்த்தார்கள். விஷமா என்று பார்க்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்துக் கடைகளின் விற்பனைச் சீட்டுகளைத் துருவித்தான் மீதி பாட்டில்களை அதிகாரிகள் தேடிப் பிடித்தார்கள். 1938ல் அங்கே கடுமையான சட்டம் வந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இதே விஷத்தால் இறந்தார்கள். 1986ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் 14 பேர். 1998ல் டெல்லி, குர்கான் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகள். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். கடைசியாகச் சொன்ன இருமல் சிரப் தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்!

கடையில் நிற்கும் ஃபார்மசிஸ்ட்டால் மூடிய பாட்டிலுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாதுதான். ஆனால் ஃபார்மசி படித்தவர்கள் கடையில் மட்டும் இருப்பதில்லை. தொழிற்சாலைக்கு வந்த மூலப்பொருளைச் சோதிப்பவர், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கையெழுத்துப் போடுபவர், அரசு மருந்து ஆய்வாளர், சோதனைக் கூடத்தில் இருப்பவர் என்று வழி நெடுக அவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் அந்தப் பாட்டில் ஒரு வீட்டுக்குள் போயிருக்காது.

கவுண்டரில் நடக்க வேண்டியது

கடையில் நிற்பவரின் வேலையும் எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மூட்டு வலிக்கு ஆஸ்பிரின் கேட்டால், ரத்தக்கசிவு ஆபத்து என்று நிறுத்த வேண்டியவர் அவர். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும். ஃபார்மசிஸ்ட்டிடம் பேச இரண்டும் தேவையில்லை.

இந்தப் பொறுப்பை மனதில் வைத்துத்தான் 2008ல் இந்தியாவில் ஆறு வருட ஃபார்ம்.டி படிப்பு வந்தது. கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. 2015ல் வந்த ஃபார்மசி பிராக்டிஸ் விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் ஃபார்மசிஸ்ட்டின் கடமையாக எழுதின. டி.ஃபார்ம் இரண்டு வருடம், பி.ஃபார்ம் நான்கு வருடம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் பல கடைகளில் நடப்பது வேறு. சுவரில் ஃபார்மசிஸ்ட்டின் சான்றிதழ் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். மாதம் ஒரு தொகைக்குச் சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு. கடையில் நிற்பது எதுவும் படிக்காத ஒரு பையன். முதலாளி இல்லாத நேரத்தில் பீப்பாயைத் திறந்த ஷிப்லி உதவியாளருக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேர் மீதும் பெரிய தப்பில்லை. தெரிந்தவர் இருக்க வேண்டிய இடத்தில் தெரியாதவரை நிறுத்தியதுதான் தப்பு.

"மெடிக்கல் ஷாப்பிலயா நிக்கப் போற?" என்று கேட்கும் மாமாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சரியான ஆள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை சட்டங்களும் வந்தன. ஃபார்மசி எடுக்க நினைப்பவர்கள் கிடைக்காத சீட்டுக்கு மாற்றாக அதை எடுக்க வேண்டாம். படித்து முடித்த பிறகு சான்றிதழை மட்டும் கடைக்கு அனுப்பாமல், கூடவே தாங்களும் போக வேண்டும்.