காந்த விண்மீன்களின் பெருஞ்சுடர்

காந்த விண்மீன் (மேக்னட்டார்) எனப்படுவது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். அதிலிருந்து அரிதாக, திடீரென வெளிப்படும் மாபெரும் காமாக் கதிர் வெடிப்பே பெருஞ்சுடர். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு: அரை நொடிகூட நீடிக்காத தொடக்க வீச்சு, அதைத் தொடர்ந்து சில நிமிடங்கள் துடித்துத் துடித்து மங்கும் வால். பால்வெளியிலும் அதன் துணை மண்டலமான பெரிய மெகல்லன் முகிலிலுமாக 1979, 1998, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருஞ்சுடர்கள் பதிவாகியுள்ளன. மூன்றும் வெவ்வேறு விண்மீன்களிலிருந்து வந்தவை. தொடக்க வீச்சு பெரும்பாலான கருவிகளைத் திணறடித்துவிடுகிறது. அதனால் விண்மீனின் இயல்பை அறிவதற்கு மங்கிய வாலும் நிலவில் பட்டுத் திரும்பிய எதிரொளியுமே பெரிதும் உதவியுள்ளன.

மூல விண்மீன்

பெருநிறை விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கி நியூட்ரான் விண்மீனாகிறது. சூரியனைவிடக் கூடுதலான பொருண்மை சுமார் 20 கி.மீ. விட்டமுள்ள உருண்டைக்குள் அடங்கிவிடும். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.5 காஸ். காந்த விண்மீனின் புலமோ 100 லட்சம் கோடி காஸ் முதல் 1,000 லட்சம் கோடி காஸ் வரை இருக்கும்.

இத்தகைய விண்மீன்கள் இருக்கக்கூடும் என்று 1992-இல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் முன்மொழிந்தனர். எஸ்.ஜி.ஆர். 1806-20 என்னும் விண்மீன் ஏறத்தாழ 7.5 நொடிக்கு ஒருமுறை சுழல்வதையும், அச்சுழற்சி மெல்ல மெல்லத் தளர்வதையும் கிரிசா கூவெலியோட்டு குழுவினர் 1998-இல் அளந்து காட்டினர். சுழற்சி தளரும் வேகத்திலிருந்து காந்தப்புலத்தின் வலிமை கணிக்கப்பட்டது, முன்மொழிவு உறுதிபெற்றது.

வெடிப்பு நிகழும் விதம்

விண்மீனின் உள்ளே முறுக்கேறிய காந்தப்புலம் அதன் திடமான மேலோட்டை ஓயாமல் அழுத்துகிறது. அழுத்தம் எல்லை மீறும்போது மேலோடு விரிசல் விடுகிறது. வெளியே காந்தப்புலக் கோடுகள் அறுந்து புதிய வடிவில் இணைகின்றன. இவற்றுள் எது முதலில் நிகழ்ந்து மற்றதைத் தூண்டுகிறது என்பதில் ஆய்வாளரிடையே இரு கருத்துகள் உண்டு. வெளிப்படும் ஆற்றல் எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் நிறைந்த தீக்கோளமாகிறது. அதில் ஒரு பகுதி உடனே வெளியேறுவதுதான் தொடக்க வீச்சு. எஞ்சியது காந்தப்புலத்தில் சிக்கி விண்மீனோடு சேர்ந்து சுழல்கிறது. அது நம் பக்கம் திரும்புவதும் விலகுவதுமே வாலில் துடிப்பாகத் தெரிகிறது.

பதிவான நிகழ்வுகள்

1979 மார்ச் 5: வெள்ளிக் கோளுக்கு அனுப்பப்பட்ட வெனேரா 11, வெனேரா 12 என்ற சோவியத் விண்கலங்களில் நொடிக்கு 100 அளவில் இருந்த கதிர் எண்ணிக்கை, ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில் 2,00,000-ஐத் தாண்டியது. 11 நொடிகள் கழித்து ஹீலியோஸ் 2 கலத்தையும், அதன்பின் வெள்ளியைச் சுற்றிவந்த பயனியர் கலத்தையும், இறுதியில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களையும் அதே அலை கடந்து சென்றது. ஒவ்வொரு கலத்தையும் அது எட்டிய நேர வேறுபாட்டைக் கொண்டு, பெரிய மெகல்லன் முகிலில் உள்ள என்49 என்ற சூப்பர்நோவா எச்சமே அது வந்த திசை எனக் கணக்கிட்டனர். வாலில் 8 நொடிக்கு ஒருமுறை துடிப்பு இருந்தது.

1998 ஆகஸ்ட் 27: எஸ்.ஜி.ஆர். 1900+14 விண்மீனிலிருந்து வந்த கதிர்கள் பூமியின் இரவுப் பக்க அயனி மண்டலத்தைத் தாக்கின. இரவில் ஏறத்தாழ 85 கி.மீ. உயரத்தில் இருக்கும் அதன் கீழ் விளிம்பு 60 கி.மீ. வரை இறங்கி, சுமார் ஐந்து நிமிடங்களுக்குப் பகல்போல் மாறியது. தாழ் அதிர்வெண் வானொலி அலைகளில் ஏற்பட்ட மாற்றம் இதைக் காட்டிக்கொடுத்தது.

2004 டிசம்பர் 27: எஸ்.ஜி.ஆர். 1806-20 உமிழ்ந்த இதுவே மூன்றிலும் மிகப் பெரியது. அதன் தொலைவு 28,000 முதல் 50,000 ஒளியாண்டு வரை பலவாறு கணிக்கப்பட்டுள்ளது. குறைந்த தொலைவைக் கொண்டாலும், சூரியன் பல்லாயிரம் ஆண்டுகளில் வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 0.2 நொடியில் வெளிப்பட்டிருக்கிறது. வேறு திசையை நோக்கியிருந்த ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு கதிர்கள் உள்ளே நுழைந்தன. ரஷ்யாவின் கொரோனாஸ்-எஃப் அப்போது பூமியின் மறைவில் இருந்ததால் நேரடித் தாக்குதலுக்குத் தப்பியது. ஆனால் நிலவில் பட்டுத் திரும்பிய காமாக் கதிர்களை அது பதிவு செய்தது. நிலவே கண்ணாடியாக நின்று வீச்சின் உச்சத்தை அளக்க உதவியது. ஆறு நிமிடங்களுக்கு மேல் நீண்ட வாலில், 7.56 நொடித் துடிப்போடு, நொடிக்குப் பல பத்து முறை முதல் பல நூறு முறை வரையிலான நுண் அதிர்வுகளும் காணப்பட்டன. இவை விண்மீனே அதிர்ந்த தடங்கள் எனக் கருதப்படுகின்றன. நில அதிர்வு அலைகளால் பூமியின் உள்ளமைப்பை அறிவதுபோல் நியூட்ரான் விண்மீனின் உட்புறத்தை ஆராய இவை வழி திறந்தன. வெடிப்புக்குப் பிந்தைய ரேடியோ ஒளிர்வைக் கண்காணித்த கருவிகளுள் புணே அருகேயுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியும் ஒன்று.

பிற விண்மீன் மண்டலங்களில்

தொலைவிலுள்ள பெருஞ்சுடரின் மங்கிய வால் நமக்குப் புலப்படாது. தொடக்க வீச்சு மட்டுமே எட்டுவதால், நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவதால் உண்டாகும் குறுங்கால காமாக் கதிர் வெடிப்பு என்று அதை எளிதில் தவறாக எண்ணிவிடலாம். 2020 ஏப்ரல் 15-இல் என்.ஜி.சி. 253 மண்டலத்தின் திசையிலிருந்தும், 2023 நவம்பர் 15-இல் எம்82 மண்டலத்தின் திசையிலிருந்தும் வந்த வெடிப்புகள் பெருஞ்சுடர்களாக இனங்காணப்பட்டன.

தனிம உருவாக்கம்

2004-இன் சுடர் வெடித்துச் சுமார் பத்து நிமிடங்களுக்குப் பின் உச்சம் தொட்ட மங்கலான காமா ஒளிர்வு ஒன்றை இன்டெக்ரல் செயற்கைக்கோள் பதிவு செய்திருந்தது. இருபது ஆண்டுகளாக அதற்குத் தெளிவான விளக்கம் இல்லை. வெடிப்பில் சிதறிய மேலோட்டுப் பொருளில் நியூட்ரான்களை விரைந்து கவர்ந்து கனமான அணுக்கள் உருவாகி, அவை கதிரியக்கச் சிதைவுற்றபோது வந்த ஒளிர்வே அது என்று அனிருத் படேல், பிரையன் மெட்ஸ்கர் உள்ளிட்டோர் 2025-இல் விளக்கினர். தங்கமும் பிளாட்டினமும் பிறப்பது இத்தகைய நிகழ்முறையில்தான். இரும்பைவிடக் கனமான, இவ்வகைத் தனிமங்களில் பால்வெளியில் உள்ளவற்றுள் 1 முதல் 10 விழுக்காடு வரை பெருஞ்சுடர்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அடுத்த பெருஞ்சுடர் வரும்போது, கண் கூசவைக்கும் முதல் வீச்சு ஓய்ந்த பின்னும் கருவிகளைத் திருப்பாமல் காத்திருக்க இதுவே காரணம்.