வாரம் ஒரு பவுண்டு

1909ஆம் ஆண்டு லண்டனின் லாம்பெத் பகுதியில் குடியிருந்த கர்ப்பிணிகள் சிலரைத் தேடி, முன்பின் தெரியாத பெண்கள் வந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கை விசித்திரமாக இருந்தது. வீட்டுச் செலவை ஒரு பென்னி விடாமல் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். குழந்தை பிறந்தபின் அதை எடைபோட்டுக் குறித்துக்கொள்வார்கள். தாய் நல்லபடியாகச் சாப்பிட வாரம் ஐந்து ஷில்லிங் கொடுப்பார்கள். பேறுகாலத்துக்குச் சில மாதம் முன்னால் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை இந்தப் பணம் வரும்.

நம் வீட்டுக் கணக்கு ஊராருக்கு எதற்கு என்று முகம் சுளித்த கணவன்மார்களும் இருந்தார்கள். சம்மதித்த பெண்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் வாரக் கணக்கு முழுவதையும் மனதில் வைத்திருந்து ஒப்பித்தார்கள்; இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு எழுதவைத்தார்கள். எழுத்துப் பிழை மலிந்த அந்த நோட்டுகள்தாம், ஒற்றைச் சம்பளத்தில் கைக்குழந்தையோடு ஒரு வாரத்தை எப்படி ஓட்டினார்கள் என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக நுணுக்கமான சாட்சியங்களில் ஒன்று.

வந்தவர்கள் ஃபேபியன் மகளிர் குழுவினர். ஃபேபியன் சங்கம் சோஷலிசத்தைப் புரட்சியின்றி, படிப்படியான சீர்திருத்தம் வழியே கொண்டுவர விரும்பியது. அதன் பெண் உறுப்பினர்கள் 1908இல் தனிக் குழுவாகக் கூடினார்கள். இந்த ஆய்வில் முன்னால் நின்றவர் மோட் பெம்பர் ரீவ்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். அங்கே 1893இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித்தந்த இயக்கத்தில் பங்கெடுத்தவர். கணவர் வில்லியம் பெம்பர் ரீவ்ஸ் நியூசிலாந்தில் அமைச்சராக இருந்துவிட்டு லண்டன் வந்து, 1908இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் இயக்குநரானார். தாய், சேய் உடல்நிலையைக் கவனித்துக்கொண்டவர் எதெல் பெந்தம் என்ற மருத்துவர். இவர் 1929இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

அவர்களைக் கிளப்பிவிட்டது அன்றைக்கு நாடெங்கும் நடந்துகொண்டிருந்த ஒரு விவாதம். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, சமைக்கத் தெரியவில்லை, காசைக் கட்டிச் செலவழிக்கத் தெரியவில்லை என்பதுதான் மேல்தட்டினர் சொன்ன காரணம். இதையெல்லாம் கற்றுத்தர 1907இல் லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் தாய்மாருக்கென்றே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. ஃபேபியன் பெண்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: தாய்க்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்தால் குழந்தை என்ன ஆகும்? அதைக் கண்டறிய, உள்ளூர்ப் பிரசவ மருத்துவமனை ஒன்றில் பதிவுசெய்திருந்த கர்ப்பிணிகளின் பட்டியலிலிருந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்தவை தெருவில் நின்ற குடும்பங்கள் அல்ல. குடும்பத் தலைவர்கள் வண்டியோட்டி, அச்சகத் தொழிலாளி, ரயில் பெட்டி கழுவுபவர், மீன் வறுப்பவர் என்று நிலையான வேலை பார்த்தவர்கள். பெரும்பாலோர் குடிக்கு அடிமையாகாதவர்கள். வாரச் சம்பளம் 18 ஷில்லிங்கிலிருந்து 30 ஷில்லிங்குக்குள். அன்றைக்கு 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நம்மூர்ப் பணத்தில் பவுண்டுக்கு 15 ரூபாய். சம்பளத்தில் கைச்செலவுக்கு இரண்டு மூன்று ஷில்லிங் எடுத்துக்கொண்டு மீதியைக் கணவன் மனைவி கையில் கொடுப்பது வழக்கம். அப்படி அவள் கைக்கு வந்தது ஏறக்குறைய ஒரு பவுண்டு. பலருக்குக் கணவனின் முழுச் சம்பளம் எவ்வளவு என்றே தெரியாது.

அந்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தொகைகளை வைத்து ஒரு வாரத்தைக் கட்டிப் பார்க்கலாம். கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை மடியில். அவள் கையில் 22 ஷில்லிங்.

வாடகை 8 ஷில்லிங். நிலக்கரி ஒரு மூட்டை 1 ஷில்லிங் 6 பென்ஸ். காஸ் விளக்குக்கும் அடுப்புக்கும், மீட்டரில் போடும் பென்னிகள் 10. சோப்பு, சலவைச் சோடா, அடுப்புப் பற்றவைக்கும் சுள்ளி எல்லாம் 8 பென்ஸ். பூட்ஸ் சீட்டும் துணிச் சீட்டும் சேர்த்து 1 ஷில்லிங் 3 பென்ஸ். மொத்தமாகக் கொடுத்துப் பூட்ஸ் வாங்க ஒருபோதும் காசு சேராது என்பதால் வாராவாரம் இப்படிக் கட்டிவர வேண்டும். ஈமச்செலவுக் காப்பீடு 9 பென்ஸ்.

கடைசியாக வரும் இந்த வரிதான் மேல்தட்டினரை அதிகம் எரிச்சலூட்டியது. பிள்ளைக்கு ஒரு பென்னி, தாய்க்கு இரண்டு, தகப்பனுக்கு மூன்று என்று காப்பீட்டு ஏஜென்ட் வாசலுக்கே வந்து வாங்கிப்போவார். பாலுக்குக் காசில்லாதவர்கள் பாடைக்குக் காசு கட்டுகிறார்களே என்றார்கள். ஆனால் கட்டாத வீட்டில் ஒரு குழந்தை இறந்தால், அடக்கச் செலவு ஒரு வாரச் சம்பளத்தையே விழுங்கிவிடும். கடன் வாங்கினால் மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்துதான் அடைக்க வேண்டும். கடனும் வேண்டாமென்றால் இருப்பது பஞ்சை பராரிகளுக்கான பொதுக்குழி. ஐந்தாறு பிள்ளைகளில் ஒன்றிரண்டைப் பறிகொடுப்பது வாடிக்கையாக இருந்த தெருவில், அந்த ஒரு பென்னி நன்றாகக் கணக்குப் போட்டுக் கட்டிய பென்னி.

மேலே சொன்னதெல்லாம் கூட்டினால் 13 ஷில்லிங். ஆறு பேர் ஏழு நாள் சாப்பிட மிஞ்சுவது 9 ஷில்லிங். தகப்பனுக்கு நாளுக்கு 6 பென்ஸ் ஒதுக்கினால் மற்ற ஐந்து பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ்கூடத் தேறாது. அன்றைய லண்டனில் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பசும்பால் விலை இரண்டு பென்ஸ்.

யார்க் நகரை ஆராய்ந்த சீபோம் ரவுன்ட்ரீ, ஐந்து பேர் குடும்பம் உடல் தேய்ந்துபோகாமல் உயிர்வாழ வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று 1901இல் எழுதியிருந்தார். ரயில் டிக்கெட், செய்தித்தாள், தபால்தலை, புகையிலை எதற்கும் அதில் இடமில்லை. வாடகைக்கு அவர் வைத்தது 4 ஷில்லிங். லாம்பெத் குடும்பம் அதே அளவு பணத்தில் இரட்டிப்பு வாடகை கட்டியது; ஒரு வயிறு கூடுதல்; விலைவாசியும் ஏறியிருந்தது.

வாடகையைப் பற்றி ரீவ்ஸ் ஒரு கணக்குச் சொன்னார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரும்படி உள்ளவர் வீட்டுக்கும் அதன் வரிகளுக்கும் எட்டில் ஒரு பங்கு செலவழிக்கிறார். 500 பவுண்டுக்காரர் ஆறில் ஒரு பங்கு. வாரம் 24 ஷில்லிங் வாங்கும் தொழிலாளி மூன்றில் ஒரு பங்கு. அதற்கு அவருக்குக் கிடைத்தது இரண்டு மூன்று அறைகள், மூட்டைப்பூச்சி அரிக்கும் சுவர், பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாய். வாடகை குறைய வேண்டுமானால் நிலவறைக்கோ ஈரம் ஏறிய கீழ்த்தளத்துக்கோ இறங்க வேண்டும். மேல்மாடிக்குப் போனால் வெளிச்சம் உண்டு. ஆனால் தண்ணீர் வாளியும் நிலக்கரியும் மேலே ஏற வேண்டும், கழிவுநீர் கீழே இறங்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணிதான் அதையும் செய்தாள்.

இந்த இடத்தில் நோட்டுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. வாடகையில் மிச்சம் பிடித்துச் சாப்பாட்டுக்குக் கூடக் கொஞ்சம் செலவிட்ட குடும்பங்களில் குழந்தைகள் அதிகம் பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. மலிவான ஈர அறைகளில்தான் சாவு அதிகம். வயிற்றைக் கட்டியாவது காற்றோட்டமான அறைக்கு வாடகை கட்டிய தாய் கணக்குத் தெரியாதவள் இல்லை.

சாப்பாட்டின் அச்சாணி ரொட்டி. நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி ஐந்தரை, ஆறு பென்ஸ். அதற்குப் பாத்திரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், தட்டும் வேண்டாம். ஒரு துண்டில் மார்ஜரின் தடவிக் கையில் கொடுத்தால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவேளை இறைச்சியும் உருளைக்கிழங்கும். அதில் மிஞ்சியது திங்கட்கிழமை. அதன்பிறகு வாரக் கடைசிவரை ரொட்டி, தேநீர், மலிவுக் காய்கறி. தகப்பனுக்கு மட்டும் மாலையில் ஒரு கருவாட்டுத் துண்டோ பன்றி இறைச்சித் துண்டோ இருக்கும். ஓரவஞ்சனை என்று அதைச் சொல்லிவிட முடியாது. அவர் படுத்துவிட்டால் வீட்டில் உலையே இல்லை. அதைப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள்.

அறிவுரை சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஓட்ஸ் கஞ்சியையே சொன்னார்கள். மலிவு, சத்து, பிள்ளைகளுக்கு நல்லது. காலையில் ரொட்டிக்குப் பதில் கஞ்சி காய்ச்சக் கூடாதா? ரீவ்ஸ் இந்தக் கஞ்சி உபதேசத்தைப் பின்னால் எழுதிய புத்தகத்தில் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு வாணலும் ஒரே ஒரு குண்டானும். முந்தின நாள் மீனோ கறியோ வெந்த அதே குண்டானில்தான் கஞ்சியும் காய வேண்டும். கஞ்சியை அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். இடுப்பில் கைக்குழந்தை, காலடியில் தவழும் பிள்ளை, பள்ளிக்குப் போகிறவர்கள் இருவர். பாலும் சர்க்கரையும் இல்லாமல், தீய்ந்த வாடையோடு வைத்த கஞ்சியைப் பிள்ளைகள் தொடவில்லை. வீணான ஓட்ஸும் எரிந்த காஸும் அன்றைய கணக்கில் நஷ்டம். மறுநாள் அவள் ரொட்டிக்கே திரும்பினாள்.

புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. தாய்ப்பால் இருக்கும்வரை அதற்குச் செலவில்லை என்பதுதான் பொதுக் கருத்து. அந்தப் பாலுக்கான செலவு தாயின் உடம்பில் எழுதப்பட்டது. கணவன், பிள்ளைகள் சாப்பிட்டு மீந்ததே அவளுக்கு. பால் வற்றினால் ஒரு பைண்ட் பசும்பாலுக்கு வாரம் 1 ஷில்லிங் 2 பென்ஸ் வேண்டும். எந்த வரியிலிருந்து எடுப்பது? அதனால் கொழுப்பு நீக்கிய டின் பால் வீட்டுக்குள் வந்தது. கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே அச்சிட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவளுக்கும் வேறு வழி இல்லை.

படுக்கையும் அப்படித்தான். ஒரே கட்டிலில் பெற்றோருக்கு நடுவே குழந்தை தூங்கியது. தூக்கத்தில் யாராவது புரண்டு அழுத்திவிடும் ஆபத்து உண்டு. வாழைப்பழம் வந்திறங்கும் மரப்பெட்டியைத் தொட்டிலாக மாற்றிக்கொள்ள ஆய்வுக் குழுவினர் சொல்லிக்கொடுத்தார்கள். அது பலித்தது, ஏனென்றால் அந்தத் தொட்டில் வாராவாரம் காசு கேட்காது.

நான்கு ஆண்டுக் குறிப்புகளைத் தொகுத்து ரீவ்ஸ் முதலில் 1912இல் ஒரு ஃபேபியன் துண்டு நூலையும், 1913இல் ‘ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்’ என்ற புத்தகத்தையும் வெளியிட்டார். அவர் வந்து சேர்ந்த முடிவு நேரடியானது. இந்தப் பெண்களுக்குச் சிக்கனம் கற்றுத்தர யாராலும் முடியாது. பற்றாமல் இருப்பது பணம். குறைந்தபட்சக் கூலி வேண்டும், பிள்ளைகளைக் காப்பதில் அரசுக்கும் பங்கு வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அரசு மெதுவாக அசைந்தது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி 1913 ஜனவரியிலிருந்து, காப்பீடு செய்த தொழிலாளியின் மனைவிக்குப் பிள்ளைபிறந்தால் 30 ஷில்லிங் பேறுகாலப் பணம் கிடைத்தது. முதலில் அந்தப் பணம் கணவனுக்கே உரியதாக இருந்தது. பெண்கள் கூட்டுறவு மன்றம் விடாமல் போராடியபின் அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, பணம் மனைவியின் சொத்தானது.

வாராந்தரப் பணத்துக்கான போராட்டம் இன்னும் நீண்டது. பெண்ணுரிமைக்காகப் போராடிய எலினோர் ராத்போன் 1924இல் புத்தகம் எழுதி, பிள்ளைகளுக்கான படியைத் தாயிடமே நேராகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். 1945இல் குடும்பப் படிச் சட்ட மசோதா வந்தபோது பணம் தகப்பன் பெயருக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். ராத்போன் எதிர்த்து நின்றார். நாடாளுமன்றம் அதைத் தாய்க்கு மாற்றியது. 1946 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, தாய்மார் தபால் அலுவலகங்களில் முதல் தவணையை வாங்கினார்கள். பிள்ளைக்கு ஐந்து ஷில்லிங். ஆனால் 1909இல் அந்தத் தொகை வாங்கித் தந்ததில் பாதியைக்கூட அப்போது வாங்க முடியாது. அதுவும் இரண்டாவது பிள்ளையிலிருந்துதான். தலைச்சன் பிள்ளைக்கும் சேர்த்து வாரப் படி தரும் திட்டம் 1977 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.