மலாயாப் பென்சனியர் கட்டிய வீடு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருப்பது என்பது நம் முன்னோரை வருத்திய கேள்வியன்று. உழவனுக்கும் வணிகனுக்கும் கைவினைஞனுக்கும் ஓய்வுக்கென்று குறித்துவைத்த தினம் ஒன்று இருந்ததில்லை. கை தளர்ந்தபோது வேலை மகனிடம் தானாகப் போய்ச் சேர்ந்தது, கிழவர் இருந்த திண்ணையிலேயே இருந்தார். சர்க்கார் உத்தியோகமும், அதற்கு வயதெல்லை வகுத்த விதியும், வயதெல்லை கடந்தவனுக்கு மாதந்தவறாமல் வந்து சேரும் பென்சனும் தோன்றிய பிற்பாடுதான், 55 வயதில், உடலில் வலு மிச்சமிருக்கும்போதே, ஒரு மனிதன் சர்க்கார் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எஞ்சிய ஆயுளை எந்த ஊரில் எந்தக் கூரையின் கீழ்க் கழிப்பது என்று ஆலோசிக்க வேண்டியவனானான். இவ்விதம் ஆலோசித்தவர்களுள், யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று உத்தியோகம் பார்த்தவர்களின் சரித்திரம் தனியே சொல்லத்தக்கது. அவர்களிற் பெரும்பாலோர் இரண்டு தலைமுறைக் காலம் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய ஒரே விடையையே சொல்லிவந்தார்கள்.

அவர்கள் மலாயா சென்ற வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1816-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டு, 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கி, அந்தக் குடாநாட்டில் ஆங்கிலம் கற்ற வாலிபர்களை உள்ளூர் உத்தியோகங்களுக்கு வேண்டிய தொகைக்கு மேலாகவே உண்டாக்கிவிட்டார்கள். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டதும், 1896-ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு ராஜ்யங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்டதும், ரயில்வே, தபால், நில அளவை, வைத்தியப் பகுதி ஆகியவற்றில் ஆங்கிலம் அறிந்த கிளார்க்குகளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் டிரெஸ்ஸர்களுக்கும் தேவை பெருகிற்று. தமக்கு வேண்டிய மனிதர் எங்கே கிடைப்பர் என்பது இலங்கையில் முன்னர்ச் சேவை செய்து மலாயாவுக்கு மாறிய ஆங்கில அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

போனவர்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் தைப்பிங்கிலும் சிரம்பானிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் வசித்தார்கள். ஸ்காட் ரோட்டில் நல்லூர்க் கந்தனை நினைந்து ஒரு கந்தசுவாமி கோயிலையும் எழுப்பிக்கொண்டார்கள். ஆயினும் முப்பது வருஷம் ஓரிடத்தில் இருந்தும் அங்கே ஒரு துண்டு நிலம் வாங்காதவர் அநேகர். இதற்கு ஊர்ப்பற்று ஒன்றையே காரணமாகச் சொல்வது நம்மவர் வழக்கம். நாணயமாற்றையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். 1906-ல் ஸ்ட்ரெயிட்ஸ் டாலரின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அக்காலத்து ரூபாவுக்கு மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். ஆகவே கோலாலம்பூரில் ஒரு டாலராயிருந்தது மானிப்பாயில் ஒன்றே முக்கால் ரூபாவாயிற்று. மலாயாவில் இருந்து செலவழித்தால் சாதாரணக் குமாஸ்தாவின் பென்சன். சுன்னாகம் சந்தையில் செலவழித்தால் அது ஒரு கனவானின் வருமானம். இந்த வித்தியாசத்தை அறிந்த மனிதன், ஊர்ப்பற்று இல்லாதவனாயினும், கப்பலேறத்தான் செய்வான்.

பினாங்கிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் நாலைந்து நாட்பயணம். 1905-ல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் முழுப்பாதையும் திறக்கப்பட்டபின், அதன்மேல் ஒரு ரயிற் பயணம். வீடு கட்டும் வேலையோ ஒருவர் ஓய்வு பெறுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, லீவில் வந்து போகும்போதெல்லாம் தவணை தவணையாக நடந்துகொண்டிருக்கும். மைத்துனரோ தமையனாரோ மேற்பார்வை செய்வார். மலாயாவிலிருந்து மணியோடர் வரும். அத்திவாரம் ஒரு லீவிலும் சுவர் அடுத்த லீவிலும் எழும். மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்த வளவில், சுண்ணாம்புச் சாந்து பூசிய கல்வீடு, சீமை ஓடு, அகன்ற விறாந்தை, முன்புறத்தில் தூண்கள் நிறுத்திய முகப்பு, அதில் கட்டி முடித்த வருஷத்தைப் பொறித்த எழுத்து என்று ஒரு புதுக் கட்டடம் தோன்றும். இருந்தும் படலையைத் தாண்டி உள்ளே போனால், நாற்சார வீட்டின் முற்றமும், குசினியை அண்டிய கிணற்றடியும் பழைய முறைப்படியே இருக்கும். பட்டணம் கண்டவர் முகப்பை மாற்றினார்; சமையலுக்கும் சடங்குக்கும் உரிய இடங்களை மாற்ற அவர் மனைவி இடங்கொடுக்கவில்லை போலும்.

அந்த வீடு யாருடையது என்ற விஷயத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தாரின் சொத்து வழக்காறுகளை டச்சு அரசாங்கத்துக்காக, 1706-ல் அங்கே திசாவை என்னும் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். தேசவழமை என்ற பெயரில் அது மறுவருஷம் சட்டமாயிற்று. அந்த வழமையில் சொத்து மூவகைப்பட்டது: முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்த சீதனம், தம்பதிகள் வாழ்ந்த காலத்தில் சம்பாதித்த தேடியதேட்டம். நம் மலாயாப் பென்சனியர் வீட்டுக்கு அத்திவாரம் இட்ட நிலம் பெரும்பாலும் மனைவியின் சீதன வளவு. ஆகவே அது அவருடையதன்று. அதில் கொட்டிய பணமோ தேடியதேட்டம். அதில் பாதி மனைவியைச் சேர்ந்தது. கட்டி முடித்த சிறிது காலத்தில் மகளுக்குக் கல்யாணம் வரும். நொத்தாரிசு வந்து விறாந்தையில் உட்கார்ந்து சீதன உறுதி எழுதுவார். புருஷனும் மனைவியும் கையொப்பமிடுவார்கள். அந்தக் கணத்தோடு வீடு மகளுடையதாகிவிடும். பெண்மக்கள் இருவர் மூவர் உள்ள வீட்டில் மூத்தவளுக்குப் பக்கத்து வளவில் புதுவீடும், கடைசி மகளுக்குப் பெற்றோர் குடியிருக்கும் வீடும் என்பது சாதாரண ஏற்பாடு. ஆண்மக்களுக்கு வீடு இல்லை. அவர்கள் தம் மனைவியர் கொண்டுவரும் வீடுகளுக்குப் போய்ச் சேர்வார்கள்.

ஆக, முப்பது வருஷ உழைப்பில் தன் முதுமைக்கென்று வீடு கட்டியவர், அந்த முதுமை தொடங்குமுன்பே அதை எழுதிக் கொடுத்துவிட்டு, மருமகன் வந்து குடியிருக்கும் வீட்டில் மீதிக் காலத்தைக் கழித்தார். விவேகமுள்ள நொத்தாரிசு, பெற்றோர் இருவருக்கும் அவர்கள் சீவித்திருக்கும்வரை அனுபவிக்கும் உருத்தை ஒதுக்கி ஒரு வரி எழுதுவார். அதைச் சீவிய உருத்து என்பார்கள். அந்த வரியை எழுதச் சொல்லி வற்புறுத்தினால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து விட்டுவிட்டவர்களும் உண்டு. மகளே நினைத்தாலும் அந்த வீட்டை இலகுவில் விற்க முடியாது. 1911-ம் வருஷத்துச் சட்டம், கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை அதற்கு வேண்டிற்று.

வெளியூரார் இதைக் கேட்டால், இவ்வளவு பாதுகாப்பற்ற ஏற்பாட்டை விஷயம் அறிந்த உத்தியோகஸ்தர்கள் எப்படி ஏற்றார்கள் என்று வியப்பார்கள். ஏற்றதற்குக் காரணம் பென்சன். வீடு கைவிட்டுப் போனாலும் மாதப்பணம் கைவிட்டுப் போகவில்லை. அது அவர் பெயருக்கு வந்தது, அவர் கையொப்பமிட்டு வாங்கினார், பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கோயில் உபயமும் அதிலிருந்தே போயின. கையில் காசில்லாத கிழவர் மகள் வீட்டில் இருப்பதற்கும், வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கும் கிழவர் இருப்பதற்கும் உள்ள பேதத்தை மருமகன்மார் நன்றாக அறிவர். மலாயாப் பென்சனியரின் உண்மையான வீடு அந்தப் பென்சன்தான் என்று சொன்னாலும் பொருந்தும்.

வளவைத் தெரிவு செய்வதற்கு இடமிருந்தவர்கள், அதாவது சீதன நிலம் போதாமல் புதிதாக வாங்கியவர்கள், முதலிற் பார்த்தது தண்ணீரை. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லின் ஊடே தங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்பது. ஒரு வளவில் நன்னீரும் அடுத்த வளவில் உவர்நீரும் இருப்பது அங்கே புதுமையன்று. ஆகையால் நாலு பரப்பு நிலம், அதாவது கால் ஏக்கர், பேசி முடிக்குமுன் அந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிப் பருப்பு அவித்துப் பார்ப்பதும், சவுக்காரம் நுரைக்கிறதா என்று கையில் தேய்த்துப் பார்ப்பதும் வழக்கம். நல்ல தண்ணீர் என்று பெயர் பெற்ற கிணற்று நீரும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். அதைக் குற்றமாக யாரும் எண்ணவில்லை. தண்ணீருக்குப் பிறகு கோயில்; அதற்குப் பிறகு வைத்தியம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறீன் 1847-ல் வந்து, தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பித்த மானிப்பாயும், பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரி இருந்த இணுவிலும், 1930-களில் கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரி எழுந்த மூளாயும், வயது சென்றவர்களுக்கு அண்டை ஊர்களாயிருந்தது பெரிய அனுகூலம்.

பென்சனியரின் அன்றாட வாழ்வில் அதிக விசேஷமில்லை. விடியலில் கிணற்றடி, பிறகு கோயில், பகலில் சாய்மனைக் கதிரையில் இந்து சாதனம், ஈழகேசரி ஆகிய பத்திரிகைகள், மாலையில் வாசிகசாலை. ஊரார் அவரைச் சிங்கப்பூரார் என்றே அழைப்பர். சிங்கப்பூரில் அவர் கப்பல் மாறியதோடு சரியாயிருக்கலாம். பள்ளிக்கூடத்துக் கட்டட நிதிக்கு முதற் பட்டியலில் பெயர், கோயிற் பரிபாலன சபையில் ஓர் ஆசனம், கிராமச் சபைத் தேர்தலில் ஒரு தோல்வி ஆகியவையும் உண்டு. முப்பது வருஷம் கோவைகளை ஒழுங்காக வைத்துப் பழகியவருக்கு ஊரில் கோவை வைக்க ஒரு விஷயம் வேண்டுமல்லவா? அதற்கு வேலி கிடைத்தது. கிடுகு வேலியை வருஷந்தோறும் புதுப்பிக்கையில், அயலவன் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று மல்லாகம் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில், ஒரு சாண் நிலத்தின் விலையைப் போல் பன்மடங்கு பணம் பிரக்கிராசிமாருக்குப் போயிற்று. அந்த நிலமும் மகளுடையதுதான். வழக்கு மட்டும் தகப்பனாருடையது.

அவர் மனைவியைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. கோலாலம்பூரில் மலாய்க் காய்கறிக்காரியுடன் அரைகுறை மலாயில் பேரம் பேசி, பிள்ளைகளைப் படிப்புக்காக ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு வருஷக்கணக்காகக் கடிதத்தில் வளர்த்த பெண்ணுக்கு, திரும்பி வந்து தன் சீதன வளவில், தன் சகோதரிகளுக்கு நடுவே இருப்பது எளிதாயிருந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. பிரயாணக் களைப்புத் தீருமுன்பே அவள் அந்த ஊராள்; அவரோ இறக்கும்வரை சிங்கப்பூரார்.

இந்த வழக்கம் தளர்ந்தது யுத்தத்தோடு. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் வசமிருந்தபோது கடிதமும் பணமும் நின்றுபோயின. அங்கே உத்தியோகத்திலிருந்தவர்களும் யாழ்ப்பாணத்தில் இருந்த அவர்கள் குடும்பங்களும் மூன்றரை வருஷம் ஒருவரையொருவர் உயிரோடிருப்பதாக ஊகித்துக்கொண்டு காலந்தள்ளினார்கள். பிறகு 1948-ல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1957-ல் மலாயாவின் சுதந்திரமும் வந்து, ஒருவர் எந்த நாட்டின் பிரஜை என்று சொல்லியாக வேண்டியதாயிற்று. மலாயாவிலேயே பிறந்து படித்த பிள்ளைகள் அங்கேயே உத்தியோகமாகி, அப்போது புதிதாக உருவாகிவந்த பெட்டாலிங் ஜெயாவில் வீடு வாங்கினார்கள். பெற்றோரும் அந்த வீட்டின் பின்னறையில் தங்கினார்கள். அது பெரும்பாலும் மகன் வீடாயிருந்தது என்பது யாழ்ப்பாணத்து வழமையைப் பொறுத்தவரை சிறிய மாற்றமன்று.

ஊரில் நின்ற கல்வீடுகளின் கதி வேறு. 1990-ல் காங்கேசன்துறை, பலாலிப் பக்கத்துக் கிராமங்கள் இராணுவ வலயத்துள் அகப்பட்டு வெறுமையாயின. 1995 அக்டோபர் முடிவில் வலிகாமம் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தது. மீள விடப்பட்ட வளவுகளுக்குத் திரும்பியவர்கள் சில இடங்களில் கிணறு இருந்ததைக் கொண்டே வீடு இருந்த இடத்தை அடையாளம் கண்டார்கள். தப்பி நிற்கும் வீடுகளிற் பல இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பேத்திமார் பெயரில் இருக்கின்றன. அவர்கள் அங்கிருந்து அற்றோணித் தத்துவம் எழுதியனுப்ப, ஊரிலுள்ள உறவினர் ஒருவர் வரி கட்டி, தேங்காய் விற்று, வேலி அடைத்து வருகிறார். அந்தப் பேத்திமாரும் இப்போது ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். கனடாவின் குளிர் மாதங்களை மட்டும் ஊரில் கழிப்பதென்று சிலர் வந்து, குசினியை உடைத்து மேசை போட்டுக் கட்டுவித்துக்கொண்டிருக்கிறார்கள்.