பிகிலா ஓடிய இரண்டு மாரத்தான்

போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டார்: "மினிமலிஸ்ட் ஷூன்னு சொல்றாங்களே, ஓடறதுக்கும் ஜிம்முக்கும் அதையே வாங்கிடலாமா?" கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெறுங்காலோடு ஓடுகிற எத்தியோப்பியர், அபேபே பிகிலா. மெல்லிய ஷூவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் தவறாமல் காட்டும் படம் அது. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

1960 ரோம் ஒலிம்பிக். மாரத்தான் மாலையில் தொடங்கி, இருட்டிய பிறகு கான்ஸ்டன்டைன் வளைவருகே முடிந்தது. வழியில் கல் பாவிய பழைய ஆப்பியன் சாலையும் உண்டு. பிகிலா 2:15:16 நேரத்தில் முதலாவதாக வந்தார். அங்கே கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை, ஏற்கெனவே வெறுங்காலில் பயிற்சி எடுத்திருந்தவர், அப்படியே ஓடிவிட்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

படத்தைப் பகிர்கிறவர்கள் அடுத்த ஓட்டத்தைச் சொல்வதில்லை. 1964 டோக்கியோ. குடல்வால் அறுவை முடிந்து சுமார் 6 வாரம்தான் ஆகியிருந்தது. இந்த முறை காலில் ஷூவும் சாக்ஸும். நேரம் 2:12:12, அன்றைக்கு உலகத்திலேயே வேகமான மாரத்தான். ஆக, பிகிலாவை வைத்து இரண்டு கட்சியும் வாதாடலாம்!

சொல்லப்போனால், அந்தக் காலத்து ஓட்ட ஷூக்களில் பெரும்பாலானவை இன்றைய கணக்கில் மினிமலிஸ்ட்தான். பெயர்தான் இல்லை. மெத்தை வந்தது ஜாகிங்கோடு. ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்தில் சாதாரண ஜனங்கள் ஜாகிங் போவதைப் பார்த்துவிட்டு வந்து, 1967-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் வடிவமைத்த நைக்கி கோர்டெஸ் 1972-இல் வந்தது. குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுரை. அதற்குப் பிறகு குதிகால் உயரம் ஏறிக்கொண்டே போய், முன்பாதத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரம் என்பது சகஜமாகிவிட்டது. இந்த வித்தியாசத்தைத்தான் கடைக்காரர்கள் 'டிராப்' என்கிறார்கள்.

எதிர்க்காற்று 2000-க்குப் பிறகு அடித்தது. அஞ்சு விரலும் தனித்தனியாகத் தெரிகிற ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூவை இத்தாலியின் விப்ரம் நிறுவனம் கொண்டுவந்தது. அப்போது படகோட்டிகளுக்கும் சேர்த்துத்தான் அதை விற்றார்கள். (1935-இல் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் ஆறு பேர் இறந்துபோக, இனி மலைக்குக் கெட்டியான ரப்பர் சோல் வேண்டும் என்று கிளம்பியவர் தொடங்கிய நிறுவனம் அது. வேடிக்கைதான்.) 2009-இல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' வெளியானது. மெக்சிகோ மலைகளில் டயர் செருப்போடு நாள் கணக்கில் ஓடும் தாராஉமாரா மக்களின் கதை. புத்தகம் விற்ற வேகத்தில் ஷூவும் விற்றது.

அடுத்த வருஷமே, 2010 ஜனவரியில், ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழுவின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள்; குதிகாலை ஊன்றும்போது வருகிற திடீர் அதிர்ச்சி அவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் அது சொன்னது. காயம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆராய்ச்சிக்கு விப்ரமும் பணம் கொடுத்திருந்தது, அதை அவர்களே கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். 'சிறுவயதிலிருந்தே' என்ற வார்த்தையை மட்டும் வாசித்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

2013-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. 36 அனுபவசாலி ஓட்டக்காரர்கள், 10 வாரம். அதில் 19 பேர் படிப்படியாக ஃபைவ்ஃபிங்கர்ஸுக்கு மாறினார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தால், அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. தலைதெறிக்க மாறியவர்கள் இல்லை, சொன்னபடி மெதுவாக மாறியவர்கள். தசை சில வாரத்தில் பழகும், எலும்புக்கு அது போதாது. 2014-இல் விப்ரம், ஆரோக்கிய விளம்பரங்கள் பற்றிய வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. அதற்குள் சந்தை ஹோகா மாதிரி தடித்த சோல் பக்கம் திரும்பிவிட்டது. 2020-இல் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டிகளில் சோல் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று.

நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். ஜிம்முக்கு யோசிக்காமல் வாங்குங்க. ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்யும்போது மெத்தை அமுங்கி ஆடும், தட்டையான சோல் நிலையாக நிற்கும். விரல்கள் விரிய இடம் இருக்கா, கையால் மடித்தால் மடங்குதா, இது ரெண்டையும் கடையிலேயே பாருங்க. ஓடுறது வேற. பழைய ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். அது தேய்ந்த பிறகு 4 அல்லது 6 மில்லிமீட்டர் டிராப் உள்ளதுக்கு இறங்குங்க. மெல்லிசில் முதலில் நடை மட்டும், அப்புறம் ஓட்டத்தின் கடைசியில் சில நிமிஷம். வாரக் கணக்கு வேண்டாம், மாதக் கணக்கு. கெண்டைக்கால் வலித்தால் பொறுக்கலாம். பாதத்தின் மேல்பக்கம் எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

"நாமதான் வீட்டுல வெறுங்காலோட இருக்கோமே?" என்றார். நடப்பதும் ஓடுவதும் ஒன்றில்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு காலில் இறங்கும்.

கடைசியில் ஜிம்முக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்கினார். ஓடுவதற்கு இப்போதைக்குப் பழைய ஷூதான்.